ஷட்டர் பூட்டு

நட்டத்தைத் தாங்க வங்கிகள் தங்கள் சொந்த மூலதனத்தை இன்னும் கூட்ட வேண்டுமா என்று பல நாட்டார் கூடிய அவை இரண்டுபட்டு, வாக்குகள் சமமாக நின்றன. தலைவி மங்கையர்க்கரசியின் கை மட்டும் பாக்கி. அவள் முன்னால் உடைந்த பூட்டு ஒன்று கிடந்தது.

"மூலதனத்தை இப்படி முடக்கினால் தொழிலுக்கு மூச்சு முட்டிவிடும், மேடம்," என்றார் வங்கிகள் சார்பில் வந்திருந்த வங்கி முதலாளி தேவசகாயம்.

"இது திவாலான உங்கள் பழைய வங்கியின் பூட்டு சார். அம்மாவின் ஆபரேஷனுக்குச் சேர்த்த பணத்தைக் கேட்டு அவளோடு நான் வந்த அன்று ஷட்டரில் தொங்கியது. கல்லால் உடைத்தேன்."

"உள்ளே..."

"நாற்காலிகள் இருந்தன. நல்ல நாற்காலிகள். அம்மா கடைசியாக உட்கார்ந்தது அவற்றில் ஒன்றில்தான்."

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவள் அவசரப்படவில்லை. அவர் முகத்தையே பார்த்தபடி, பூட்டின் உடைந்த வளையத்தை விரலால் மெல்லத் தடவிக்கொண்டிருந்தாள். மற்றொரு கை, கூட்ட வேண்டும் என்று, மேசையை விட்டு எழுந்தது.