நூலகத்து ஃபேன்

"வாரம் தவறாம வர்றீங்க, ஒரு ஃபேனை ஓட வைக்க முடியல. நீங்கல்லாம் ஒரு எலக்ட்ரீஷியன்!"

"ஸ்விட்சை ஒழுங்காப் போடத் தெரியாதவங்களுக்கு எந்த ஃபேன் மேடம் ஓடும்?"

நூலகத்துப் பெண்ணும் எலக்ட்ரீஷியனும் போட்ட கூச்சல் சமுதாயக் கல்லூரி முழுக்கக் கேட்டது. நிர்வாக மேலாளர் தன் அறைக் கதவை இழுத்துச் சாத்தினாள். குழாய் முதல் பூட்டு சாவி வரை எல்லாம் அவள் தலையில்தான். நாளைக்கு ஆய்வுக் குழு வருகிறது. இந்தக் குடுமிப்பிடி அவர்கள் காதில் விழுந்தால் அவள் நாற்காலி போய்விடும்.

சாயங்காலம் இருவரும் கிளம்பியதும், வெளியாளை வைத்துச் சுவரில் புது ஃபேனை மாட்டிவிட்டாள். காலையில் பாராட்டு வாங்கப் பரபரப்போடு நூலக வாசலிலேயே நின்றாள்.

இருவரும் வந்தார்கள். புது ஃபேனைப் பார்த்ததும் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"எங்களைக் கேக்காம யாரு மாத்தச் சொன்னது?" என்றாள் நூலகத்துப் பெண்.

"அந்த ஃபேனுக்கு என்ன மேடம் கேடு?" என்றான் எலக்ட்ரீஷியன்.

மேலாளர் சந்தேகத்தோடு பழைய ஃபேனை எடுத்து பிளக்கில் சொருகினாள். பம்பரமாய்ச் சுற்றியது. நூலகத்துப் பெண் தரையைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான்.

"அடப்பாவிகளா! அப்போ அந்தச் சண்டை?"

"எங்க ரெண்டு பேரையும் யாரும் சந்தேகப்படக் கூடாதுன்னுதான் மேடம்..." என்று இழுத்தான் அவன்.

அன்று நூலகத்தின் அமைதியை ஆய்வுக் குழு தனியாகப் பாராட்டியது.

அந்த வருஷமே கல்யாணம் முடித்து இருவரும் வேறு ஊருக்குக் குடிபோனார்கள். மேலாளர் பரிசாகப் பழைய ஃபேனையே கொடுத்தனுப்பினாள். அது இன்றுவரை ஒருநாளும் நின்றதில்லையாம். சண்டைதான் இப்போது நிஜமாகவே நடக்கிறதாம்.