கூப்பிட்டால் வராத பூந்தி

“ஸ்டாப்!” என்று கத்தினேன். ஆட்டோ நின்றது. பின்னால் வந்த பால் வண்டியும் நின்றது. பூந்தி மட்டும் நிற்கவில்லை.

சங்கிலிக் கொக்கி எப்படியோ கழன்றுவிட்டது. பெங்களூர் அல்சூர் ஏரி ரோட்டை வெள்ளை உடம்பும் கறுப்புப் புள்ளியுமாக ஆடி அசைந்து கடந்துபோய், எதிர் பிளாட்பாரத்தில் கிடந்த காகிதத்தை முகர்ந்துகொண்டு நின்றது. ஆட்டோக்காரர் கன்னடத்தில் என்னைத்தான் திட்டினார். நாயை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கோதண்டராமன் சார், தெருவுக்கே கேட்கும்படி ஆரம்பித்தார். அவர்தான் பூந்தியின் முதலாளி. நாய்க்குத் திமிராம். பழக்க வந்தவனுக்குத் துப்பில்லையாம். பத்தாவது பெயிலானவனை அனுப்பினால் இப்படித்தான் ஆகுமாம்.

“பெயிலானது நான் சார். நாய் இல்ல” என்றேன்.

என் வாய் அப்படி. பள்ளிக்கூடமும் நானும் பிரிந்ததற்கு அதுதான் பாதிக் காரணம்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் கூப்பிட்டால் வரவேண்டும், இல்லையென்றால் ஓசூரில் ஒரு நண்பரின் தோட்டத்துக்கு அனுப்பிவிடப் போவதாகச் சொன்னார். ஜன்னலுக்குப் பின்னால் அவர் மனைவி மரகதம் ஆன்ட்டியின் முகம் சுருங்கிப்போனது.

எனக்கு ஒன்று புரியவில்லை. பூந்திக்கு உட்காரத் தெரியும், படுக்கத் தெரியும், கை கொடுக்கத் தெரியும். ஆனால் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான். முதுகைக் காட்டிவிட்டால் நான் யாரோ, அது யாரோ. நாய் பழக்குகிற நாங்கள் எப்போதும் வாயால் சொல்லும்போதே கையையும் காட்டுவோம். இது கையை மட்டும்தான் படித்திருக்கிறதோ?

சந்தேகம் வந்ததும் அதன் முதுகுக்குப் பின்னால் எவர்சில்வர் தட்டைப் போட்டேன். பக்கத்து வீட்டுக் குழந்தை வீறிட்டது. பூந்தியின் காது அசையவே இல்லை.

எத்திராஜ் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். வீடு வீடாக நாய் பழக்கும் தொழில் அவருடையது. நான் அவரிடம் வேலை பார்க்கிறேன். இந்தப் புள்ளி ஜாதியில் சிலதுக்குப் பிறவியிலேயே காது கேட்காது என்றார். மறைத்துவைத்து, நாளைக்கு வண்டியில் அடிபட்டால் பாவம் யாருக்கு என்று கேட்டார்.

“வீட்டுக்காரங்க ரெண்டு பேரையும் ஒண்ணா உக்காரவெச்சு உண்மையைச் சொல்லிட்டு வா. அதுக்கு உன்னைவிட்டா ஆள் இல்ல.”

போனேன். சொன்னால் ஓசூர் நிச்சயம். உண்மை சொல்லப் போக எனக்குக் கால் எழாதது அன்றைக்குத்தான்.

மரகதம் ஆன்ட்டி கதவைத் திறந்ததுமே சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் வாயைத் திறக்குமுன் அவரே ஆரம்பித்தார்.

“பூந்திக்குக் காது கேக்காது தினேஷ். வந்த வாரமே எனக்குத் தெரியும். குக்கர் விசிலுக்கே அது திரும்பல.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. காய்காரன் ஏமாற்றியதிலிருந்து மாப்பிள்ளையின் பல்வலி வரை நாள் முழுக்க அந்த நாயிடம்தான் சொல்லிக்கொண்டிருப்பார். அப்புறம் எதற்கு அவ்வளவு பேச்சு என்று கேட்டேவிட்டேன்.

“எல்லாம் அவர் காதுல விழத்தான். நான் பேசப் பேச, அதுக்குக் கேக்குதுன்னு நினைச்சுக்குவார். செவிடுன்னு தெரிஞ்சா தோட்டத்துக்கு அனுப்பிடுவாருப்பா. நீ சொல்லிடாத.”

அதைக் கூப்பிட ஏதாவது கை ஜாடை உண்டா என்று கேட்டார். உள்ளங்கையை நெஞ்சில் வைத்துக் காட்டினேன். கரண்டியும் கையுமாகவே பழகிக்கொண்டார்.

வெளியே வந்தால் கேட்டுக்குப் பக்கத்தில் கோதண்டராமன் சார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, என்னைச் சுவர் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். முந்தாநாள் தெருவை எழுப்பிய குரலா இது என்று இருந்தது.

“டேய், அது செவிடுடா. எனக்கு எப்பவோ தெரியும். ஆன்ட்டிகிட்ட உளறிடாத.”

“அப்ப எதுக்கு சார் அந்தக் கத்து கத்துனீங்க?”

“கத்தினாத்தானே, அதுக்குக் காது நல்லாருக்கு, திமிருதான்னு அவ நம்புவா. பொண்ணு கல்யாணமாகி சேலம் போனதுக்கப்புறம், எஸ்.டி.டி. போட்டுப் பேசற நேரம் போக மீதியெல்லாம் அவ இதுகிட்டதான் பேசறா. ஒரு வார்த்தைகூட அதுக்குக் கேக்கலன்னு தெரிஞ்சா தாங்குவாளா?”

“அப்ப ஓசூர் தோட்டம்?”

“தோட்டமாவது ஒண்ணாவது. ஓசூர்ல எனக்கு யாரைத் தெரியும்?”

பெயில் என்று சொன்னதுகூட அவளுக்குக் கேட்கட்டும் என்றுதான், மனசில் வைத்துக்கொள்ளாதே என்றார். அவருக்கும் அதே ஜாடையைச் சொல்லிக்கொடுத்தேன். சங்கிலி இல்லாமல் ரோட்டுக்கு விடவே கூடாது என்று இரண்டு பேரிடமும் தனித்தனியாக மிரட்டிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கேட்டை மூடிவிட்டுப் பரீட்சை வைத்தோம். சார் ஆன்ட்டிக்கு முதுகைக் காட்டியபடி, “பூந்தி, கம்” என்று அதட்டினார். கை நெஞ்சுக்குப் போனதை நான் மட்டும் பார்த்தேன். பூந்தி ஓடி வந்தது. அவர் பெருமையாக என் பக்கம் திரும்பிய நேரத்தில், “உள்ள வாடி ராஜாத்தி” என்று ஆன்ட்டி கொஞ்சினார். முந்தானையைச் சரிசெய்கிற சாக்கில் அவர் கையும் நெஞ்சில்தான் இருந்தது. பூந்தி அங்கேயும் ஓடியது.

“பாத்தியா மரகதம், என் குரலுக்கு எப்படி அடங்குதுன்னு.”

“நான் பேசிப் பேசிப் பழக்கினது. சொன்னா புரிஞ்சுக்காதா பின்ன?”

அடச்சே, இரண்டு பேருக்குமே தெரியும், நாடகத்தை நிறுத்துங்கள் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

இரண்டு பேரும் ஒன்றாகத்தான் உட்கார்ந்தார்கள், நடுவில் பூந்தி. நான் காபியைக் குடித்துவிட்டு, உண்மையைச் சொல்லாமலே எழுந்து வந்துவிட்டேன்.