சத்தமாக வாசிக்கலாம்

"அந்தக் கட்டத்துல மட்டும் டிக் வேணாங்க்கா" என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

அவருடைய முதல் நாவல் என் கணினியில் மின்னூலாகத் தயாராக இருந்தது. அட்டை ஏறிவிட்டது, விலை போட்டாயிற்று. மிச்சம் இருந்தது ஒரே ஒரு கட்டம். 'இந்த நூலைக் கருவி சத்தமாக வாசிக்கலாம்.' அதில் டிக் போட்டால், வாங்குகிறவரின் போனே நூலைப் படித்துக் காட்டும்.

நான் விடவில்லை. சமைத்துக்கொண்டே கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், பஸ்ஸில் கண்ணை மூடிக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், பார்வை இல்லாதவர்கள் இருக்கிறார்கள், அவர்களை எல்லாம் ஏன் வாசலிலேயே நிறுத்த வேண்டும் என்று மூச்சுவிடாமல் பேசினேன்.

அவர் அலமாரிப் பக்கம் கண்ணைக் காட்டினார்.

என் அலுவலகம் என்பது எங்கள் வீட்டுக் கூடத்தின் பாதி. நடுவில் ஓர் அலமாரியை நிறுத்தியதால் அது அலுவலகம். பதிப்பகத்தில் இருந்த நல்ல வேலையை உதறிவிட்டு, எந்தப் பதிப்பகமும் சீந்தாதவர்களுக்கு மின்னூல் போட்டுக் கொடுக்கப் போகிறேன் என்று நான் இங்கே வந்து உட்கார்ந்தபோது, 'வேலையை விட்டுட்டு வேலை பாக்குறா' என்று ஊரெல்லாம் சொன்னார் என் கணவர். அந்த அலமாரியைத் தனியாக நகர்த்தி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவரும் அவர்தான்.

அலமாரிக்கு அந்தப் பக்கம் மெக்கானிக்கின் அம்மா உட்கார்ந்திருந்தார். மகனின் புத்தகம் வருகிற நாள் என்று கூடவே கிளம்பி வந்துவிட்டார். மடியில் துவைத்து மடித்த துணிப்பை ஒன்று. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போகத்தான். மின்னூல் என்றால் கையில் கொடுக்க ஒன்றும் இருக்காது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கும் சொல்ல மனம் வரவில்லை.

மெக்கானிக் குரலைத் தாழ்த்தினார். "ஊரே படிக்கட்டும்க்கா. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, அந்தத் தைரியத்துலதான் எழுதினேன். எங்க சொந்தத்துல புத்தகத்தைத் தொடுற ஆளும் கிடையாது. போன் வாசிச்சுக் காட்டும்னு யாரு கண்டா? ஏழாம் அத்தியாயத்தைக் கேட்டா அவங்க தாங்க மாட்டாங்க."

ஏழாம் அத்தியாயம் எனக்குத் தெரியும். தன்னை வளர்ப்பவள் தன்னைப் பெற்றவள் இல்லை என்பதை ஒரு சிறுவன் தற்செயலாகக் கேட்டுவிடுகிறான். தனக்குத் தெரியும் என்பதை அவளிடம் கடைசிவரை காட்டிக்கொள்வதில்லை. நல்ல கற்பனை என்று ஓரத்தில் குறித்து வைத்திருந்தேன். அது கற்பனை இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

என் தொழிலில் கடைசிச் சொல் எழுதியவருடையது. அதற்காகத்தானே பதிப்பகத்தை விட்டு வந்தேன். டிக் போடவில்லை. அவர் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது.

அதோடு விட்டிருக்கலாம்.

எந்த நூலையும் இணையக் கடைக்கு ஏற்றுவதற்கு முன்னால் ஒரு பக்கத்தையாவது காதால் கேட்டுப் பார்ப்பது என் பழக்கம். கண் தாண்டிப் போகிற பிழை காதில் இடறும். கட்டமெல்லாம் கடைக்குத்தான், என் கணினி எதையும் வாசிக்கும். ஹெட்ஃபோனை மாட்டினேன். மனம் இருந்த இடத்துக்கே கையும் போயிற்று. ஏழாம் அத்தியாயம். சத்தம் வரவில்லை. கூட்டினேன். அப்போதும் வரவில்லை. முழுக்கக் கூட்டினேன்.

மெக்கானிக் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

ஹெட்ஃபோனைக் கழற்றினால், குரல் அலமாரிக்கு அந்தப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. கணினி என் ஹெட்ஃபோனை விட்டுவிட்டு, என் கணவர் பாட்டுக் கேட்கிற ஸ்பீக்கரைப் பிடித்திருந்தது. ஸ்பீக்கர் இருந்தது அந்த அம்மாவின் தோளுக்குப் பக்கத்தில்.

'...இவன் அவள் பெற்ற பிள்ளை இல்லை என்று மாடிப்படியில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள். நான் படிக்கு அடியில் பந்தைத் தேடுவதுபோல் குனிந்தே இருந்தேன். நல்லவேளை, அம்மா வேலைக்குப் போயிருந்தாள்...'

தினமும் அமுக்குகிற நிறுத்தும் பொத்தானைத் தேடிக் கண்டுபிடித்து அமுக்கினேன்.

சுவருக்கும் காது உண்டு என்பார்கள். என் வீட்டில் அந்தச் சுவரும் கிடையாது.

மெக்கானிக் அலமாரியின் ஓரம்வரை போய் அப்படியே நின்றுவிட்டார். தினமும் இருட்டுக் குழியில் கம்பியைப் பிடித்து இறங்குகிறவரால் அதற்குமேல் ஓர் அடி வைக்க முடியவில்லை. அவர் பின்னால் போய் நானும் எட்டிப் பார்த்தேன்.

அந்த அம்மா மடியில் இருந்த பையை நீவி நீவி விட்டுக்கொண்டிருந்தார். பிறகு மகனை நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னைக்கு நான் வேலைக்குப் போகலப்பா. வீட்டுக் கதவுக்குப் பின்னாடிதான் நின்னுட்டிருந்தேன். நீ பந்து தேடுற மாதிரியே இருந்த. சரி, தேடட்டும்னு விட்டுட்டேன்."

மெக்கானிக் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டார். நான் அழுதேன். அழாமல் என்ன செய்வது?

"அந்த வேலைக்குப் போன எடத்த மட்டும் மாத்திடு" என்றார் அந்த அம்மா. "மாத்திட்டு மீதியையும் போடச் சொல்லு, கேக்குறேன்."

அச்சில் ஏறியது ஏறியதுதான். மின்னூலில் ஒரு வரியைத் திருத்த எவ்வளவு நேரம் ஆகும்? என் நாற்காலியை மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டு, நான் போய் அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஒற்றை விரலால் அவர் தட்டுகிற சத்தம் அலமாரிக்கு இந்தப் பக்கம்வரை கேட்டது.

அந்தக் கட்டத்தில் டிக் போட்டது நான் இல்லை.