அம்மாவின் புது நம்பர்

"என் பையனோட போன் நம்பரை எடுத்துட்டு என் நம்பரைப் போடுங்க. அதுக்கப்புறம்தான் ரிட்டர்ன்."

அந்த அம்மாள் சொன்னதை ஆடிட்டர் முதலில் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வருமான வரி ரிட்டர்ன் போடக் கடைசித் தேதிக்கு இன்னும் மூன்றே நாள். வாசல் பெஞ்சில் பென்ஷன்காரர்கள் ஆளுக்கொரு பிளாஸ்டிக் கவரோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"பழைய நம்பரே இருக்கட்டும்மா. அவர்தானே உங்களைக் கூட்டிட்டு வந்திருக்கார்?"

"அது இருக்கட்டும் சார். நீங்க நம்பரை மாத்துங்க."

முப்பத்தைந்து வருஷம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ரிட்டயரானவர். எதிர்முனையில் யார் எத்தனை கத்தினாலும் குரலை உயர்த்தாமல் பதில் சொல்லிப் பழகியவர். இப்போதும் உயர்த்தவில்லை. கைப்பையிலிருந்து ஒரு செல்போனை எடுத்து மேஜைமேல் வைத்தார். புத்தம் புதுசு. மேலே ஒட்டியிருந்த தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை.

பக்கத்து நாற்காலியில் மகன். நாற்பதைத் தாண்டியவன். அம்மாவின் ஃபைலை மடியில் வைத்திருந்தான். பென்ஷன் சீட்டு, மருந்து பில், எல்லாம் மாத வாரியாக அடுக்கிப் பின் குத்தியிருந்தது. பேங்க் கவரை மட்டும் அம்மா தன் கைப்பையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

"தப்பு ஒண்ணும் இல்ல. என் கணக்கு என் போனுக்கு வரட்டும்."

"இத்தனை வருஷமா நான்தானேம்மா பாத்துக்கறேன்."

"பாத்தது போதும். இனிமே நானே பாத்துக்கறேன்."

பெஞ்சிலிருந்த ரிட்டயர்டு கேஷியர், மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "பெத்த பிள்ளையையே நம்பாத மனுஷியைப் பாத்தீங்களா? என் பையன் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்க மாட்டான். இந்தம்மாவுக்குத் தங்கமான பிள்ளை கிடைச்சிருக்கு, அருமை தெரியல" என்றார்.

உள்ளே மூன்று பேருக்கும் அது கேட்டது.

ஆடிட்டர் மனசிலும் அதேதான் ஓடியது. ஆனால் கணக்கு அந்த அம்மாளுடையது. சொன்னால் செய்யத்தான் வேண்டும். கம்ப்யூட்டரைத் தட்டினார். தட்டிவிட்டு மகனைச் சங்கடத்தோடு பார்த்தார்.

"நம்பரை மாத்தணும்னா பழைய நம்பருக்குத்தான் ஓடிபி வரும். உங்க போனைக் கொஞ்சம் பாருங்க."

போன் சிணுங்கியது. தன்னை எடுத்துவிட அவனே நம்பர் சொல்ல வேண்டியிருந்தது.

"நாலு... ஏழு... ஏழு..."

மேலே படிக்க முடியவில்லை. போனை ஆடிட்டர் பக்கம் திருப்பி வைத்தான்.

அந்த அம்மாள் மகனைப் பார்க்கவே இல்லை. 'எண் மாற்றப்பட்டது' என்று வரும்வரை கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"வண்டியை நிழல்ல நிறுத்திட்டு வரேன்" என்று எழுந்து போனான். வண்டி ஏற்கெனவே நிழலில்தான் நின்றது.

ஆடிட்டருக்குப் பொறுக்கவில்லை.

"நான் கேக்கக் கூடாதும்மா. கேக்காமலும் இருக்க முடியல. அப்படி என்னதான் பண்ணிட்டார் அவர்?"

அந்த அம்மாள் பேங்க் கவரை எடுத்து நீட்டினார். "வட்டியைப் பாருங்க."

பார்த்தார். போன வருஷத்து வட்டியில் பாதிதான் இருந்தது.

"டெபாசிட் எங்கேம்மா?"

"பாதியிலயே குளோஸ் பண்ணிட்டேன்."

"அவர் எடுத்துட்டாரா?"

"அவனுக்குத் தெரியவே தெரியாது." முதல் தடவையாக அவர் குரல் தணிந்தது. "கம்பெனியில ஆளைக் குறைச்சப்போ இவனையும் அனுப்பிட்டாங்க. என்கிட்ட சொல்லல. தினம் எட்டரைக்கு டிபன் பாக்ஸோட கிளம்புவான். எங்கேயோ உக்காந்துட்டு சாயங்காலம் வருவான். மத்தியானம் போன் பண்ணி 'சாப்பிட்டேன்மா'ன்னு சொல்வான். குரலைக் கேட்டே பொழைச்சவ சார் நான். எனக்குத் தெரியாதா?"

ஆடிட்டர் கவரை மேஜைமேல் வைத்தார்.

"அவன் சிநேகிதன் பிரிண்டிங் பிரஸ் வச்சிருக்கான். ஆள் வேணும், ஆனா சம்பளம் குடுக்க இப்ப வசதியில்லன்னான். சம்பளம் நான் தரேன், வேலையை நீ குடுன்னேன். 'கம்பெனியை விட்டுட்டு பிரஸ்ல சேந்துட்டேன்மா'ன்னு இவனே வந்து சொன்னான். பத்து மாசமா அப்படித்தான் ஓடுது. ரிட்டர்ன் காப்பி இவன் போனுக்கு வந்தா ஒரு வரி விடாம படிப்பான். வட்டி குறைஞ்சது தெரிஞ்சா, எதுக்குன்னு தோண்ட ஆரம்பிச்சுடுவான்."

"அவர்கிட்டயே சொல்லிடலாமேம்மா. பாவம், எவ்வளவு மனசு நொந்து போறார்."

"என் மேல கோபப்பட்டா படட்டும். ரெண்டு நாள்ல சரியாப் போயிடும். இப்ப நிமிந்து நடக்கறான் பாருங்க, அது போச்சுன்னா திரும்ப வராது சார்."

காலடிச் சத்தம் கேட்டது. பேங்க் கவர் மேஜை டிராயருக்குள் போனது. போட்டவர் ஆடிட்டர்.

மகன் முகம் கழுவிக்கொண்டு வந்திருந்தான். அந்த அம்மாள் பீஸ் கொடுக்கப் பர்ஸைத் திறந்தார். அவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நம்பரை வேணா எடுத்துக்கோம்மா. பீஸ் நான்தான் குடுப்பேன். நேத்துதான் சம்பளம் வந்தது."

சட்டைப் பையிலிருந்து பிரஸ் பெயர் அச்சடித்த கவரை எடுத்து, நோட்டுகளை எண்ணி நீட்டினான்.

வாங்கக் கை வராமல் ஆடிட்டர் அந்த அம்மாளைப் பார்த்தார்.

அவர் பர்ஸை மூடிக் கைப்பைக்குள் வைத்தார்.

"வாங்கிக்குங்க சார். என் பிள்ளை உழைச்ச காசு."