எந்த 'பி'?

"கையை எடும்மா! எதையும் தட்டிடாதே!"

இன்ஜினியர் பாலசுப்பிரமணியம் போட்ட கத்தலில் டைப்பிஸ்ட் ஜெயமணி டெலிபிரிண்டரிலிருந்து வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். 

இந்தத் தீவில் கராச்சர்மா கிராமத்தைத் தாண்டி, ஆபீசுக்குப் பின்னால் மேட்டில் நிற்கிற, சிக்னல் பிடிக்கும் அந்த ராட்சத ஏரியல் குடையை ஆட்டிவைப்பது இந்த மெஷின்தான். இங்கே ஓர் எழுத்தையும் எண்ணையும் தட்டி அனுப்பினால், அங்கே மோட்டார் சொன்னபடி கேட்கும். மூன்று வருஷமாகத் தட்டிக்கொண்டிருந்த ஆபரேட்டர் சொக்கலிங்கம் இப்போது குடைக்கு அடியில் சிக்கிக்கொண்டிருந்தார். கிரீஸ் போட ஏறின மனுஷன். மழைக்காற்று குடையை ஒரு தள்ளு தள்ள, பல்சக்கரம் அவருடைய இடது கையைச் சட்டையோடு கவ்விவிட்டது. வலது கையால் அங்கிருந்த போனைப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தார்.

"ஜல்தி ஏதாவது பண்ணுங்க சார்! கையால சுத்த முடியாதா?"

"முடியாது. மோட்டார்தான் பின்னால இழுக்கணும். நான் கப்பலை விட்டு இறங்கி நாலு நாள்தான் ஆச்சு, இந்த மெஷினே எனக்குப் புதுசு. அவன் நோட்டுல என்ன எழுதியிருக்கான், பாரு."

ஜெயமணி நோட்டைப் புரட்டினாள். எல்லாமே தமிழ்.

"இதோ சார்! 'பி பத்து, மெல்லப் பின்னால் வரும்.'" அடுத்த வரியில் அவள் விரல் நின்றது. "ஐயோ, கீழேயும் ஒரு பி இருக்கே! 'பி பத்து, வேகமாக முன்னால் போகும்.'"

"என்னது?"

"ஒண்ணு பம்பாய்க்குப் போடற பி. இன்னொண்ணு பாண்டிச்சேரிக்குப் போடற பி. தமிழ்ல எழுதினா எது எதுன்னு எப்படி சார் கண்டுபிடிக்கிறது?"

முன்னால் போனால் கை தோளோடு போய்விடும். ஆளே மிஞ்சுவாரோ என்னவோ.

"ஆபீஸ் நோட்டைத் தமிழ்லயா எழுதுவான்?"

"அண்ணனுக்குத் தமிழ்ப் பற்று ஜாஸ்தி சார். எங்ககிட்ட அப்படித்தான் சொல்வார்."

"பற்றெல்லாம் வீட்டோட வெச்சுக்கணும்!" இன்ஜினியர் போனில் கத்தினார். "யோவ் சொக்கலிங்கம், பின்னால வர்றதுக்கு எந்த பி? பம்பாயா, பாண்டிச்சேரியா?"

போனில் ஒரு முனகல்.

"உன்னைத்தான்யா! கை வேணுமா, வேணாமா?"

மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. வெளியே காற்று மறுபடி ஊளையிட்டது. போனுக்குள்ளிருந்து "அம்மா!" என்று ஓர் அலறல். ஜெயமணி காதைப் பொத்திக்கொண்டாள். இரண்டு பெண் குழந்தைகளை வைத்திருக்கிற மனுஷன், கடவுளே!

"மயங்கிட்டாரா சார்?"

"இல்லை, ஏதோ சொல்றான். என்னய்யா? ஜெயமணிகிட்டயா? இந்தாம்மா, உன்கிட்டதான் பேசணுமாம்."

வாங்கிக் காதில் வைத்தாள். "அண்ணே, சொல்லுங்கண்ணே! எந்த பி?"

 மிக மெல்ல, மூச்சை இழுத்து இழுத்து அவர் சொன்னார். கேட்டதும் அவள் முகம் மாறியது. இன்ஜினியரை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மெஷினில் ஓர் எழுத்துக் கட்டையைத் தட்டினாள். ஒன்று, சைபர். கண்ணை இறுக மூடிக்கொண்டு அனுப்பும் கட்டையை அழுத்தினாள்.

மெஷின் 'ஓகே' என்று காகிதத்தில் அடித்தது. மேட்டில் மோட்டார் உறுமியது.

"வந்துடுச்சு தாயி! கை வந்துடுச்சு!" போனில் சொக்கலிங்கம் ஓவென்று அழுதார்.

இன்ஜினியர் அப்படியே நாற்காலியில் சாய்ந்தார். "அப்பாடா! எந்த பி-ன்னு சொன்னான்?"

"பம்பாய்னு சொன்னார் சார்."

"அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல இவ்வளவு நேரமா? சரியான ஆளு!" அவர் முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்.

ஜெயமணி போனை வைத்தாள்.  சொக்கலிங்கம் சொன்னது பம்பாயும் இல்லை, பாண்டிச்சேரியும் இல்லை.

"கீழ் வரிசையில இடப்பக்கத்துலேருந்து அஞ்சாவது கட்டை தாயி... எனக்கு ஏ பி சி டி தெரியாது, சார்கிட்ட சொல்லிடாதே."