அடுப்படி மருந்து

சூடு பட்டால் உடம்பின் செல்கள் ஒரு காவல் புரதத்தை உண்டாக்கும். அது கூடினால் எபனேசருக்குச் சர்க்கரை இறங்கும். அவர் மனைவி ஞானசெல்விக்கோ விரல் மூட்டுகள் வீங்கிவிடும். இருவர் மணிக்கட்டிலும் அதை அளந்து நிறம் மாறும் பட்டை இருந்தது. அதனால் மருத்துவர் அடுப்படியை எபனேசரிடம் ஒப்படைத்துவிட்டார்.

ஆனால் ஞாயிறு ஆராதனை முடிந்து நாத்தனார் லில்லி வந்ததும், ஞானசெல்வி கூச்சப்பட்டுத் தோசைக்கல் முன்னால் போய் நின்றாள். பட்டை சிவந்தது. இன்னும் கொஞ்சம் நின்றால் நாளைக்குச் சீப்பைக்கூடப் பிடிக்க முடியாது.

எபனேசர் கரண்டியை வாங்கிக்கொண்டார்.

"என்ன மயினி, எங்க அண்ணன அடுப்புல நிக்க வச்சிட்டியளே!" என்றாள் லில்லி.

"ஏட்டி, எனக்கு இது மருந்து. அவளுக்கு விஷம்," என்றார் எபனேசர். தோசை கிழிந்து கல்லோடு ஒட்டிக்கொண்டது.

லில்லி தன் மயினி ஞானசெல்வியின் வீங்கிய விரல்களைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"தள்ளுண்ணே, எனக்குந்தான் சர்க்கரை இருக்கு. மருந்துல பாதிய எனக்குக் குடு."

அண்ணனும் தங்கையும் கரண்டிக்குச் சண்டை போட, ஞானசெல்வி ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டு, கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, நாத்தனார் முன்னால் உட்கார்ந்து சுடச்சுடத் தோசை சாப்பிட்டாள்.