பெரியம்மாவின் மணி

இறைச்சிக்கூடத்து மேஸ்திரி நீட்டிய மணிக்கயிற்றில் இன்னும் உடம்புச் சூடு இருந்தது.

"நீதானே சொன்ன, மந்தை அந்த ஆட்டுக்குப் பின்னாடி வரல, மணிக்குப் பின்னாடிதான் வருதுன்னு. கட்டிக்கோ."

சொன்னவன் அவன்தான். வாய் சும்மா இருந்திருக்கலாம். மந்தை வைத்திருந்தவனின் பெருமையில் என்றோ சொன்னது.

பெரியம்மா என்பது ஒரு வெள்ளாடு. குடும்பமே தன் தலையில்தான் நடக்கிறது என்பதுபோல் முன்னால் போவதால் பிள்ளைகள் வைத்த பெயர். அதன் கழுத்து மணி கேட்டால் போதும், மந்தை எழுந்து நடக்கும். மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு குடும்பமும் பின்னால் நடக்கும். மகள் அந்தச் சத்தத்தின் பின்னால் அரைத்தூக்கத்தில் நடந்தே வளர்ந்தவள்.

மழை பொய்த்தது. மேய்ச்சல் வெளியை மணல் மூடியது. கடைசிக் கிணறும் வற்றியபோது மந்தையை விற்க இங்கே ஓட்டி வந்தான். ரத்த வாடைக்கு மிரண்டு நின்ற ஆடுகளை, வெட்டுமிடத்துக்கு ஏறும் சரிவுப்பாதையில் ஏற்றிவிட்டது பெரியம்மாதான். அதைப் பார்த்துத்தான் அதற்கும் அவனுக்கும் வேலை கொடுத்தார்கள். கொட்டகைக்குப் பின்னால் குடும்பத்துக்கு ஓர் அறையும் கிடைத்தது.

தினமும் அது அடுத்தவர் ஆடுகளை மேலே கூட்டிப்போகும். உச்சியில் அவன் பக்கவாட்டுக் கதவைத் திறப்பான். அது மட்டும் வெளியே வந்து அவன் கையிலிருந்து தழை தின்னும்.

இந்த வாரம் நொண்ட ஆரம்பித்தது. வேலை தாமதமானது. சற்று முன் வந்த லாரியின் ஆடுகளோடு அது மேலே போனபோது, பக்கவாட்டுக் கதவைத் திறக்க வேண்டாம் என்றார் மேஸ்திரி.

அவன் திறக்கவில்லை. அந்த அறையை விட்டால் போக்கிடம் கிடையாது. கதவுக்கு அந்தப் பக்கம் மணி ஒரே இடத்தில் நின்று ஒலித்துக்கொண்டிருந்தது. அவன் கையில் தழை கசங்கியது.

இப்போது அடுத்த லாரி வந்துவிட்டது. மணியை இடுப்பில் கட்டிக்கொண்டு சரிவில் ஏறினான். பாழாய்ப்போன ஆடுகள், ஒன்றுகூட மிரளாமல் பின்னால் வந்தன.

பாதி ஏறியிருப்பான். கொட்டகைக்குப் பின்னாலிருந்து மகள் ஓடி வந்தாள். மணிச் சத்தம் கேட்டு அரைத்தூக்கத்தில் எழுந்த கோலம், கையில் துணிமூட்டை, முகமெல்லாம் சிரிப்பு. சரிவின் அடியில் திறந்திருந்த கம்பிக்கதவுக்குள் நுழைந்து, பழக்கப்படி ஆடுகளுக்குக் கடைசியில் சேர்ந்துகொண்டாள். அவன் முகத்தை முன்னால் திருப்பிக்கொண்டான்.

"கெளம்பிட்டோமாப்பா? பெரியம்மா முன்னாடி போயிடுச்சா?"

அவன் நின்றால் மணி நிற்கும். மணி நின்றால் ஆடுகள் நின்றுவிடும். கீழே மேஸ்திரி கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போயிடுச்சும்மா" என்றான், திரும்பிப் பார்க்காமல்.

ஏறிக்கொண்டே இருந்தான்.